சிகாரில் சுவைகளைப் பிரித்தறியப் பழகுவது எப்படி?

லயத்து வாசல் எழுதியது:

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஈப்போவில் கிடைக்கும் கையால் சுற்றிய சிகார்கள்தான் வாங்குகிறேன், பெரும்பாலும் ரொபஸ்டோ அளவு. கோக்கோ, தோல், மரவாசம், வெள்ளை மிளகு, காய்ந்த பழம் என்று விமர்சனங்களில் வரிசையாக எழுதுகிறார்கள். எனக்கு எட்டுவது புகை வாசமும் ஒரு கசப்பும்தான். நடுநடுவே பேர் சொல்லத் தெரியாத ஓர் இனிப்பு வந்து போகிறது.

இராச்சாப்பாடு முடிந்ததும் வீட்டு வாசலில் உட்கார்ந்து கோப்பி ஓ (பால் சேர்க்காத கறுப்புக் கோப்பி) குடித்துக்கொண்டே பிடிப்பது வழக்கம். ஒரு ரொபஸ்டோ ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாதிக்கு மேல் நாக்கு எரிகிறது. ஏர்கோன் இல்லாத அறையில், பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

சுவையைத் தேட வேண்டியது நாக்கிலா, மூக்கிலா? எதிலிருந்து பழக ஆரம்பிப்பது? எந்த மாதிரி சிகார் வாங்கினால் வித்தியாசம் பிடிபடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேலிலை எழுதியது:

தம்பி, முதலில் அந்த அரை மணி நேரத்தைக் கவனியுங்கள். ரொபஸ்டோ என்பது சுமார் 124 மில்லிமீட்டர் நீளம், 50 ரிங். ஒரு ரிங் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதனால் 50 ரிங் என்றால் 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவு 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போக வேண்டும். அரை மணியில் தீர்கிறது என்றால் இழுப்பு வேகம் இரண்டு மடங்கு. தணல் அதிகம் சூடாகும்போது இலையின் வாசனை எண்ணெய்கள் மெதுவாக ஆவியாகி வருவதற்குப் பதில் கருகிவிடுகின்றன. உங்களுக்குக் கிடைக்கும் கசப்பும் நாக்கெரிச்சலும் அதனால்தான். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுள்ள சிகார் வாங்கினாலும் அதே கசப்புதான் கிடைக்கும்.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும், 45 விநாடிக்குக் குறையவே கூடாது. ஒவ்வோர் இழுப்பும் இரண்டு மூன்று விநாடி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாம்பல் முடியும் இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுட்டாலோ அந்த இடம் மெத்தென்று அமுங்கினாலோ இரண்டு நிமிடம் கீழே வைத்துவிடுங்கள். அணைந்து போனால் சாம்பலைத் தட்டி, சிகாருக்குள் ஒரு முறை வெளிப்பக்கமாக ஊதி, உள்ளே தேங்கிய பழைய புகையை வெளியேற்றிவிட்டுத் திரும்பப் பற்றவையுங்கள். ஊதாமல் பற்றவைத்தால் முதல் நாலைந்து இழுப்பு சாம்பல் வாடைதான் அடிக்கும்.

நாக்கா மூக்கா என்றால், மூக்குதான். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்கிற இறைச்சிச்சாறு போன்ற சுவை, இந்த ஐந்தே. கோக்கோ, மரம், பட்டை, காய்ந்த பழம் எல்லாம் வாயிலிருந்து தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகும் வாசனைகள். சிகாரைத் தொடுவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். பட்டைத்தூளும் சீனியும் சமமாகக் கலந்து கால் டீஸ்பூன் எடுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நாக்கில் போடுங்கள், வெறும் இனிப்புதான் தெரியும். விரலை எடுங்கள், பட்டை வந்துவிடும். நுனி நாக்கில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று ஒரு நாக்கு வரைபடம் சிகார் புத்தகங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தவறு. ஐந்து சுவையும் நாக்கு முழுக்கத் தெரியும்.

இப்போது புகையை மூக்கு வழியாக விடும் முறை. இதுதான் நீங்கள் பழக வேண்டிய முக்கியமான வேலை, பொறுமையாகச் செய்யுங்கள். இழுப்பதற்கு முன் மூக்கால் ஒரு சாதாரண மூச்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விடக் காற்று வேண்டும், அந்தக் காற்று புகைக்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். பிறகு வாய்க்குள் மட்டும் புகையை இழுத்து இரண்டு விநாடி நிறுத்துங்கள். முக்கால்வாசிக்கு மேல் வாய் வழியாக விடுங்கள். உதட்டை மூடி, "ம்ம்ம்" என்று மெல்ல முனகுங்கள். நெஞ்சிலிருந்து வரும் காற்று வாயில் மிஞ்சிய புகையைக் கூட்டிக்கொண்டு மூக்கு வழியாகப் போகும். இடையில் மூச்சு இழுக்கவே கூடாது. இழுத்தால் புகை நுரையீரலுக்குப் போய்விடும், இருமலும் தலைசுற்றலும் வரும்.

முதலில் மூக்கு எரியும், கண்ணில் நீர் வரும். விட்ட புகை அதிகம் என்று அர்த்தம். பத்தில் ஒரு பங்கு போதும். இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள்: அந்தச் சுரீர் என்பது வாசனை இல்லை, மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பின் வேலை. அதனால் மூக்கு சுள்ளென்றது என்பதற்காக மிளகுச் சுவை என்று எழுதிவிடாதீர்கள். சுள்ளென்றது அடங்கிய பின் என்ன வாசம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். எல்லா இழுப்பிலும் இதைச் செய்ய வேண்டாம், நாலைந்துக்கு ஒரு தடவை போதும். அதற்கு மேல் போனால் மூக்கு மரத்துவிடும்.

நுரையீரலுக்கு இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் சிகாரில் உண்டு. இந்தப் பழக்கம் குறைவாகவும் மெதுவாகவும் இருப்பதே நல்லது. நல்ல வேளையாக, சுவை தெரிய வேண்டுமானாலும் அதே வழிதான்.

---

மசாலா அலமாரி எழுதியது:

மேலிலை ஐயா சொன்னது சரி. ஆனால் மூக்குக்குப் புகை போய்ச் சேர்ந்தாலும் பேர் வராது. "தெரிந்த வாசம்தான், என்னவென்று சொல்ல முடியவில்லை" என்ற நிலையில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அதற்கு மருந்து சமையலறையில் இருக்கிறது.

மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒரு டஜனுக்கு மேல் எடுங்கள். ஊறுகாய்ப் போத்தல் வேண்டாம், வாடை போகாது. ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் அளவு ஒரு பொருள். பெயரை அடியில் ஒட்டுங்கள். வீட்டில் யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லி, கண்ணை மூடி முகர்ந்து பேர் சொல்லுங்கள். இரண்டு மூன்று குட்டி முகர்வு, பிறகு அரை நிமிடம் ஓய்வு. நீளமாக இழுத்து முகர்ந்தால் மூக்கு உடனே பழகிப்போய் வாசமே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

எதைப் போடுவது என்பதில்தான் விஷயம். தனித்தனியாகப் போடாமல், குழப்பம் தரும் ஜோடிகளாகப் போடுங்கள்.

கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும், இரண்டும் சரவாக் மிளகாக இருந்தால் நல்லது. வெள்ளை மிளகு பழுத்த காயைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலை அழுக வைத்து எடுப்பது. அதனால் அதில் காரத்தோடு லேசான மாட்டுக் கொட்டகை வாடையும் இருக்கும். நிக்கராகுவா சிகார்களில் முதல் சில இழுப்பில் வருவது பெரும்பாலும் கறுப்பு மிளகுப் பக்கம். பால்தன்மையுள்ள மென்மையான சிகாரை மூக்கு வழியாக விடும்போது வருவது வெள்ளை மிளகுப் பக்கம்.

அடுத்து, சீனி கலக்காத கோக்கோத் தூளும் பால் சாக்லேட்டும். சிகாரில் "கோக்கோ" என்று எழுதுவது வறண்ட, துவர்ப்பான, சற்றுக் கசப்பான அந்தத் தூளின் வாசத்தைத்தான். நீங்கள் சாக்லேட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் கோக்கோ பக்கத்திலேயே வந்து போனாலும் அடையாளம் தெரியாது.

ஈப்போ பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, கோப்பித் தூள். வழக்கமான கோப்பி ஓவுக்குக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். ஈப்போ வெள்ளைக் கோப்பிக்கு மார்ஜரின் மட்டும், சீனி கிடையாது. இரண்டு தூளையும் பக்கத்தில் பக்கத்தில் முகருங்கள். முதலாவதில் கருகிய சீனிப்பாகு, இரண்டாவதில் நெய்ப்பிடிப்போடு ஒரு கொட்டை வாசம். கறுத்த மடுரோ இலைக்கும் மஞ்சள் கலந்த கனெக்டிகட் இலைக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அந்தத் திசையிலேயே போகிறது. உங்கள் அந்தப் பேர் தெரியாத இனிப்பு இதில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

கூலா மெலாக்காவும் வெள்ளைச் சீனியும். புளிக்காத தென்னம்பாளைச் சாற்றை விறகு அடுப்பில் காய்ச்சிய கூலா மெலாக்காவில் புகை ஏறியிருக்கும், "மொலாசஸ்" என்று எழுதப்படும் குறிப்புக்கு நமக்குக் கிடைக்கும் நெருங்கிய பொருள் அதுதான். பச்சை நிலக்கடலையும் தோலோடு வறுத்த மெங்லெம்பு கடலையும். வறுத்து இடித்த தேங்காய்ப்பூ, அதாவது ரெண்டாங்குக்குப் போடும் கெரிசிக். சாதிக்காயும் சாதிபத்திரியும், பினாங்கிலிருந்து வருவது. காய்ந்த லாலாங் புல், வைக்கோல் வாசத்துக்கு. தோல் பெல்ட்டின் உட்புறம், மேற்புறத்தில் சாயவாடைதான் இருக்கும். மரவாசத்துக்குப் பென்சில் சீவலை நம்பாதீர்கள், மலிவுப் பென்சில்களில் வாசமே இருக்காது. சிகார் பெட்டிக்குள் விரித்திருக்கும் மெல்லிய மரத்தாளைக் கடையில் கேட்டு வாங்குங்கள். ஸ்பானிய சீடார் என்று சொல்வார்களே தவிர அது தேவதாரு இனமே இல்லை, நம் வேம்பும் மகோகனியும் இருக்கும் குடும்பம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வாசம் கையிலேயே இருக்கிறது. ஒன்று, ரப்பர் பால் உறையாமல் இருக்க ஊற்றும் அமோனியா. பால் கொட்டகைப் பக்கம் போனவர்கள் மறக்க மாட்டார்கள். சிகாரில் அந்த வாடை மூக்கைக் குத்தினால் இலை சரியாகப் புளித்து முடியவில்லை என்று பொருள். புகையிலையைக் குவித்து நொதிக்க விடும்போது வெளியேற வேண்டிய அமோனியா உள்ளேயே தங்கிவிட்டது. அதைப் பிடிக்காமல் சில மாதம் கிடக்க விட வேண்டும். இரண்டாவது, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூண்டு வாசம். சிகார் இலை காற்றில் உலர்த்தப்படுவது, நெருப்புப் புகையில் அல்ல. அதனால் புகைக்கூண்டு வாசம் வந்தால் ஒன்று அந்தக் கலவையில் விறகுப் புகையில் உலர்த்திய இலை வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் நீங்கள் வேகமாக இழுத்துச் சூடாக்கிவிட்டீர்கள்.

பேர் சொல்லும் முறை. நேராகச் "சாதிக்காய்" என்று தேடாதீர்கள். முதலில் குடும்பம்: மண்ணா, மரமா, மசாலாவா, வறுவலா, இனிப்பா, பால்நெய்யா, பழமா பூவா, புல்லா. குடும்பம் உறுதியானால் அடுத்தது, அது பச்சையா, வறுத்ததா, கருகியதா. கடைசியில்தான் பொருளின் பேர். "வறுவல், நன்றாக வறுத்தது, தோலின் துவர்ப்போடு" வரை வந்துவிட்டால் கடலை தானாக வந்து நிற்கும். குடும்பத்தோடு நின்றுவிட்டாலும் குறைவில்லை. நேர்மையாக "மரம்" என்று எழுதியது, மற்றவர் எழுதியதைப் பார்த்து "தேவதாரு, சந்தனம்" என்று எழுதியதைவிட உங்களுக்கு உதவும். விமர்சனத்தைப் பிடித்து முடித்த பிறகு படியுங்கள், முன்னால் படித்தால் மூக்கு அதையே தேடும்.

இதெல்லாம் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு: இலையை உலர்த்தி நொதிக்க வைக்கும்போதும், எரியும்போதும், அதன் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பைரசீன் என்ற வாசனைப் பொருள்கள் உண்டாகின்றன. வறுத்த கோக்கோவிலும் கோப்பியிலும் கடலையிலும் இருப்பதும் அதே வகைதான். இலையின் கரோட்டினாய்டு நிறமிகள் உடைந்து பூ, பழ வாசம் தருகின்றன. கோக்கோ சேர்க்காத இலையில் கோக்கோ வருவது இப்படித்தான்.

---

லயத்து வாசல் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. போத்தல் வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன். பெட்டியைத் திறந்தால் நீங்கள் சொன்ன அந்த அமோனியா லேசாக அடிக்கிறது. அதோடு சில சிகார் இழுக்கவே கடினமாக இருக்கிறது, ஒரு பக்கமாக மட்டும் எரிகிறது. இது வாங்கியதன் குறையா, வைத்திருக்கும் முறையின் குறையா? கோப்பி ஓ குடித்துக்கொண்டே பிடிக்கலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

---

ஈரமானி எழுதியது:

புரோ, பெரும்பாலும் வைத்திருக்கும் முறைதான். வெளிநாட்டுக் காணொளிகளில் "சிகார் காய்ந்துவிடும், ஈரப்பதம் கூட்டுங்கள்" என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் சிக்கல் தலைகீழ். பேராக் சமவெளியில் இரவில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஏர்கோன் இல்லாத அறையில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் சிகார் அந்த ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். சிகாருக்குள் வைத்துச் சுற்றிய உள்ளிலை உப்பி, நெருங்கி அடைத்துக்கொள்ளும், அதுதான் இழுப்புக் கடினம். ஈரமான பக்கம் எரியாது, காய்ந்த பக்கம் ஓடிவிடும், அதுதான் ஒரு பக்க எரிதல். ஈர இலையை எரிய வைக்க நீங்கள் அடிக்கடி இழுப்பீர்கள், சூடேறும், கசக்கும். சுவை தெரியாமல் போவதற்கு இந்தச் சங்கிலி ஒன்றே போதும்.

செய்ய வேண்டியது: ரப்பர் விளிம்புள்ள, காற்றே புகாத டப்பா. உள்ளே, ஈரம் கூடினால் உறிஞ்சி, குறைந்தால் விடும் இருவழி ஈரப்பதப் பை, போவெடா மாதிரி. 65 விழுக்காடு எண் போட்டதை வாங்குங்கள். 60 கிராம் பை ஒன்று சுமார் 25 சிகாருக்கு. மரப்பெட்டிக்குப் பரிந்துரைக்கும் 69, 72 எண் பைகள் பிளாஸ்டிக் டப்பாவுக்கு அதிகம். ஏற்கனவே உப்பிப்போனவற்றுக்கு 62 போட்டு மூன்று நான்கு வாரம் தொடாமல் வையுங்கள். "இரண்டு நாள் வெளியே காயவையுங்கள்" என்ற யோசனை இங்கே பலிக்காது, வெளிக்காற்றே சிகாரைவிட ஈரமாக இருக்கிறது. ஏர்கோன் அறையில் திறந்து போட்டால் எதிர்ப்பக்கம் போய்விடும்: வெளியே சுற்றியிருக்கும் மேலிலை சட்டென்று சுருங்கி வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

டப்பாவுக்குள் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானியைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். போத்தல் மூடியில் சமையல் உப்பு, அதன் மேல் சில சொட்டுத் தண்ணீர், ஈரமணல் பதம் வந்தால் போதும், கரையக் கூடாது. உப்பையும் ஈரமானியையும் ஒரே சிப்லாக் பையில் காற்றுப் புகாமல் மூடி ஒரு நாள் முழுக்க வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

நம் சூட்டில் இன்னொரு ஆபத்து புகையிலை வண்டு. இலையில் இருக்கும் முட்டை 24, 25 பாகைக்கு மேல் பொரிக்கத் தொடங்கும், நம் அறைகள் எப்போதும் அதற்கு மேல்தான். குண்டூசித் துளை போல ஓட்டையும் டப்பா அடியில் பழுப்புத் தூளும் தெரிந்தால் அதுதான். புதிதாக வாங்கியவற்றை இரட்டை சிப்லாக் பையில் போட்டு, ஒரு நாள் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டு, மூன்று நாள் உறைபெட்டி, மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டு, பிறகு அறை வெப்பத்துக்கு வந்த பின் பையைத் திறங்கள். நேராக உறைபெட்டியில் போட்டாலோ உடனே வெளியே எடுத்துத் திறந்தாலோ மேலிலை பிளக்கும். பூஞ்சணம் வேறு: பஞ்சு மாதிரி வெள்ளையோ பச்சையோ. மேலே மட்டும் என்றால் துடைத்துவிடலாம், தீ வைக்கும் பக்கம் உள்ளிலையில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

லேசான அமோனியாவுக்கு வாரம் ஒரு முறை டப்பாவை இரண்டு நிமிடம் திறந்து காற்று மாற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் போய்விட வேண்டும். அதற்கு மேலும் குத்தினால் இலையிலேயே குறை, அந்த வகையை மறுபடி வாங்காதீர்கள்.

---

ஒரே உள்ளிலை எழுதியது:

எதை வாங்குவது என்பதற்கு என் பதில்: தனியாக ஒன்று வாங்கினால் ஒன்றும் பிடிபடாது, ஜோடியாக வாங்குங்கள். இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும்.

சிகாரில் மூன்று அடுக்கு. வெளியே மேலிலை, அதற்குள் கட்டிலை, நடுவே உள்ளிலை. உள்ளிலையில் செடியின் அடி இலையான வொலாடோ நன்றாக எரியும், சுவை குறைவு. நடு இலை செக்கோ வாசனைக்கு. உச்சி இலை லிகேரோ தடிப்பானது, எண்ணெய்ப் பசை, நிக்கோட்டின் அதிகம், மெதுவாக எரியும். அதனால் லிகேரோவை எப்போதும் நட்ட நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். இதைத் தெரிந்துகொண்டால் "வலு" வேறு, "சுவை" வேறு என்பது புரியும். வலு என்பது நிக்கோட்டின் தலையைத் தட்டுவது. கனம் என்பது புகை வாயில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பது. சுவை மூன்றாவது. வலு அதிகமான சிகாரில் சுவையும் அதிகம் இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. பழகும் காலத்தில் வலு குறைந்ததே நல்லது, தலைசுற்றலோடு மூக்கு வேலை செய்யாது.

முதல் ஜோடி: ஒரே பெயர், ஒரே அளவு, மேலிலை மட்டும் வேறு. பத்ரோன் 1964 ஆனிவர்சரியோ வரிசையில் நேச்சுரல், மடுரோ என இரண்டும் வருகின்றன, இரண்டிலும் நிக்கராகுவா இலைகள்தான். விலை கூடுதல், ஆனால் பாடம் தெளிவு. வேறு நிறுவனங்களிலும் இதே மாதிரி வெளிர், கறுப்பு ஜோடிகள் குறைந்த விலையில் உண்டு, கடையில் கேளுங்கள். மடுரோ இலையை அதிக நாள், அதிகச் சூட்டில் நொதிக்க வைப்பதால் கருத்து இனிப்புக் கூடும். இரண்டையும் ஒரே மாலையில் முழுதாகப் பிடிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் முதல் மூன்றில் ஒரு பங்கு, அதோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது ஜோடி: ஒரே கலவையில் மெல்லியதும் தடித்ததும், உதாரணமாக 42 ரிங்கும் 50 ரிங்கும். மேலிலையின் அளவு சுற்றளவைப் பொறுத்தது, உள்ளிலையின் அளவு குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 42 ரிங்கில் மேலிலையின் பங்கு 50 ரிங்கைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். "சுவையில் அறுபது விழுக்காடு மேலிலை" என்று எல்லா சிகாருக்கும் ஒரே எண்ணைச் சொல்வதை இதனால்தான் ஏற்க முடியாது. மேலிலையைக் கற்க மெல்லியது வாங்குங்கள். மெல்லியது சீக்கிரம் சூடேறும், இழுப்பில் இன்னும் நிதானம் வேண்டும்.

மூன்றாவது, இலை வளர்ந்த மண். நிக்கராகுவாவின் எஸ்தெலி இலையில் மிளகும் மண்ணும் தூக்கும், அதே நாட்டு ஹலாப்பா இலை மென்மை, இனிப்பு. டொமினிக்கன் குடியரசின் வெளிர் மேலிலைச் சிகார்களில் பால்நெய், வைக்கோல், கடலைப் பக்கம் அதிகம். கேமரூன் மேலிலைக்கு ஓர் இனிப்பான மசாலா வாசம் உண்டு, ஆர்துரோ ஃபுவென்டேயின் சில வரிசைகளில் கிடைக்கும்.

நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுமத்ராவை விட்டுவிடக் கூடாது. 1863இல் டச்சுக்காரர் யாகோபஸ் நியென்ஹாய்ஸ் அங்கே டெலி என்ற பகுதியில் புகையிலை பயிரிட வந்தார், 1869இல் டெலி மாட்ஸ்கப்பாய் நிறுவனம் தொடங்கியது, மேடான் நகரம் அந்தப் பணத்தில்தான் வளர்ந்தது. அந்தத் தோட்டங்களில் தமிழர்களும் உழைத்தார்கள். டெலி இலை மெல்லிசாக, நரம்பு தெரியாமல் இருந்ததால் ஐரோப்பியச் சுருட்டுகளுக்கு மேலிலையாகப் பெயர் வாங்கியது. இப்போது "சுமத்ரா மேலிலை" என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த விதையை எக்குவடோரில் வளர்த்தது. பட்டையும் லேசான மலர்வாசமும் தேட அது நல்ல இலை.

வாசனை ஏற்றிய குட்டிச் சிகார்கள், வெனிலா, செர்ரி பூசியவை, பழகுவதற்கு வேண்டாம். பூசியதைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

---

மேலிலை எழுதியது:

கோப்பி பற்றி. கறுத்த மடுரோவுக்குக் கோப்பி நல்ல ஜோடிதான், இன்பத்துக்குப் பிடிக்கும்போது தாராளமாகக் குடியுங்கள். ஆனால் கற்றுக்கொள்ளும் வேளையில் கோப்பி ஓ வேண்டாம். வறுவலும் கருகிய சீனியும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது சிகாரில் வரும் வறுவல் எதுவென்று எப்படிப் பிரிப்பது? அறை வெப்பத்துத் தண்ணீர், மிஞ்சினால் சீனி போடாத இளஞ்சூட்டுத் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர். ஐஸ் தண்ணீர் நாக்கை மரக்க வைக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், சம்பலோ வெற்றிலை பாக்கோ போட்ட அன்று சுவைக் குறிப்பு எழுதாதீர்கள். வெறும் வயிறும் ஆகாது. நிக்கோட்டின் ஏறி வியர்த்து வயிற்றைப் புரட்டினால் சிகாரை வைத்துவிட்டு உட்கார்ந்து, இனிப்பாக எதையாவது சாப்பிடுங்கள்.

வெட்டுவதும் பற்றவைப்பதும் சுவையில் தெரியும். வாய்ப்பக்கத் தொப்பியின் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் போதும். தொப்பி முடியும் கோட்டுக்குக் கீழே போனால் மேலிலை பிரிந்து வாயில் துகள் வரும். வெட்டிய உடனே பற்றவைக்காமல் இரண்டு மூன்று தடவை வெறுமனே இழுத்துப் பாருங்கள். வைக்கோல், உலர்திராட்சை, கொட்டகை வாசம் எல்லாம் புகை இல்லாமலே அங்கே தெரியும், குறிப்பில் முதல் வரி அதுவாக இருக்கட்டும். பியூட்டேன் லைட்டர் பயன்படுத்துங்கள், பெட்ரோல் லைட்டரும் மெழுகுவத்தியும் வாடை ஏற்றும். தீக்குச்சி என்றால் தலையிலுள்ள மருந்து எரிந்து முடியும்வரை தள்ளிப் பிடியுங்கள். சுவாலை இலையைத் தொடாமல், சாய்த்து, சுற்றிச் சுற்றி 15, 20 விநாடி வாட்டுங்கள். விளிம்பு முழுக்கச் சாம்பல் பூத்த பிறகுதான் முதல் இழுப்பு.

---

லயத்து வாசல் எழுதியது:

தெளிவாகிவிட்டது ஐயா. கடைசியாக ஒன்று: குறிப்பு எந்த இடத்தில் எழுதுவது, எந்த இடத்தில் சிகாரை நிறுத்துவது?

---

மசாலா அலமாரி எழுதியது:

மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கின் நடுவிலும் எழுதுங்கள். பற்றவைத்த முதல் நாலைந்து இழுப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதில் லைட்டரின் சூடும் கருகலும் கலந்திருக்கும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று சொல் போதும்: நாக்கில் என்ன, மூக்கில் என்ன, புகையை விட்ட பின் எது எவ்வளவு நேரம் தங்குகிறது. அந்த மூன்றாவதை நிறையப் பேர் எழுதுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். நல்ல இலையின் பின்சுவை அடுத்த இழுப்புவரை நிற்கும். கசப்பு மட்டும் நின்றால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், அப்போதும் கசந்தால் இலையின் குணம்.

நடுப்பங்கில்தான் கலவை முழுதாகத் தெரியும், போத்தல்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அதுதான் நேரம். கடைசிப் பங்கில், முன்னால் எரிந்த இலையின் தாரும் ஈரமும் பின்னால் படிந்திருக்கும், அதனால் காரமும் வலுவும் ஏறுவது இயற்கை. நாலைந்து சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போது உதட்டுக்குச் சூடு எட்டினாலோ, புதிதாக எந்த வாசமும் வராமல் ஒரே கசப்பாக இருந்தாலோ அங்கே நிறுத்திவிடுங்கள். நசுக்கி அணைக்க வேண்டாம், அந்த நாற்றம் மறுநாள்வரை வாசலில் நிற்கும். தட்டில் அப்படியே வைத்தால் சில நிமிடத்தில் தானே அணைந்துவிடும்.